மனைப்படப்பையும் நெய்தல் நகரமும்: ஊரடங்குக் காலத் திருகோணமலைத் தோட்டங்கள் பற்றி ஓர் இலக்கிய நோக்கு

தமிழிலக்கியத்திலே தோட்டம் என்பது பெரும்பாலும் பூத்த நிலையிலேயே காட்சியளிக்கின்றது. காதலர் கூடும் பொழிலும், தெய்வம் உறையும் சோலையும், அரசர் உலாவும் நந்தவனமும் புலவர்களால் விரித்துரைக்கப்பட்டுள்ளன. வீட்டுக் கோடிப்புறத்துக் கத்தரிப் பாத்தியும், கிணற்றடி வாழையும், வேலியோரத்து முருங்கையும் அவ்வாறு உரைக்கப்படவில்லை. பூவுக்கு உரிய இடம் காய்க்கும் கீரைக்கும் ஏன் கிடைக்கவில்லை என்னும் வினாவை நமது திறனாய்வாளர்கள் அதிகம் எழுப்பியதும் இல்லை. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலம் அவ்வினாவை எழுப்புதற்கான சந்தர்ப்பத்தை ஏற்படுத்தித் தந்துள்ளது. அதனை எழுப்புதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்திலும் பொருத்தமான களம் வேறு இல்லை எனலாம்.

திருக்கோணேச்சரம் பற்றிய திருஞானசம்பந்தரின் பதிகத்திலிருந்தே தொடங்குதல் தகும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பதிகத்தில், கோணமாமலை இருபெரும் வளங்களாற் சூழப்பட்டதாகக் காட்டப்படுகின்றது. ஒன்று முத்தும் அகிலும் சந்தனமும் அலைகளால் ஒதுக்கப்படும் கடல். மற்றையது புன்னை, செண்பகம், முல்லை முதலியன செறிந்த பொழில். பட்டியலில் இடம்பெறும் மரஞ்செடி கொடிகள் யாவும் மலருக்காகவே எண்ணப்பட்டவை; உண்ணத்தக்கது ஒன்றேனும் அங்கு இல்லை. மக்கள் நெருங்கி வாழும் ஊர் என்பதை அதே பதிகம் குறிப்பிடுகின்றது. அம்மக்கள் எதனை விளைவித்து உண்டனர் என்பது அதன் கருத்தில் இல்லை. பக்திப் பனுவலொன்றிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையாகாது. ஆயினும் ஒரு செய்தி ஈண்டு கருதத்தக்கது. சம்பந்தர் ஈழம் வந்தவரல்லர். இராமேசுவரத்திலிருந்தவாறே இப்பதியைப் பாடினார் என்பது மரபு. கடலுக்கு அப்பாலிருந்து நோக்குவோர்க்கு ஊரின் பொழில் தெரிகின்றது, பாத்தி தெரிவதில்லை.

இவ்வாறு தொலைவிலிருந்து நோக்கும் பார்வை கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில நாட்களிலேயே வீட்டுத்தோட்டம் நாடளாவிய முழக்கமாயிற்று. பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்கள் என்னும் இலக்குடன் 'சௌபாக்கியா' என்ற பெயரில் அரசு ஓர் இயக்கத்தை அறிமுகப்படுத்தியது. விதைகளும் நாற்றுக்களும் வழங்கப்பட்டன. தன்னிறைவு என்னும் சொல் மீண்டும் மேடையேறியது. மீண்டும் என்றது காரணம் பற்றியே. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோதும், அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி இதே திருகோணமலைத் துறைமுகம் யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இலக்கான காலத்திலும், உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி குறைக்கப்பட்டு உணவு உற்பத்தி இயக்கம் முடுக்கிவிடப்பட்டபோது, மரவள்ளிக்கிழங்கு நாட்டின் உணவாயிற்று. பின்னர், 2022 யூன் மாதத்தில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கி அந்நாளில் பயிர் செய்யுமாறு கூறப்பட்டது. நெருக்கடி வருந்தோறும் அரசு குடிமக்களின் வளவை நோக்கித் திரும்புகின்றது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. எல்லோர்க்கும் வளவு உண்டா என்னும் வினாவோ ஒவ்வொரு முறையும் கேட்கப்படாமலே விடப்படுகின்றது.

இவ்வினாவுக்கு இங்கிலாந்து ஒரு காலத்தில் விடை காண முயன்றது. வளவில்லாத நகரத் தொழிலாளர்க்கு உள்ளூராட்சி மன்றங்கள் குறைந்த வாடகையில் சிறு நிலத்துண்டுகளைத் தோட்டஞ் செய்ய வழங்குதல் அங்கு நெடுங்கால வழக்கம். 1908ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அம்மன்றங்களின் கடமையாகவே ஆக்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இத்துண்டுகள் பெருகின. 2020இன் முடக்க காலத்திலும் அவற்றுக்கான காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அத்தகைய முழுத் துண்டொன்றின் மரபுவழி அளவு பத்துப் பேர்ச். அதே பேர்ச் அளவினாலேயே திருகோணமலையில் இன்றும் காணி விற்கப்படுகின்றது, வாங்கப்படுகின்றது, வழக்காடப்படுகின்றது. அளவுகோல் கப்பலேறி வந்தது. அதன் பெயரால் நிலமற்றோர்க்கு நிலம் வழங்கிய ஏற்பாடு வரவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறைமுகத்தை விட்டு அகன்றபோது விட்டுச்சென்றவை எண்ணெய்த் தாங்கிகளும் வேலியிட்ட காடுகளுமே.

தமிழில் தோட்டம் மனையோடு பிணைந்தது. சங்க இலக்கியம் அதனைப் படப்பை என்கின்றது. ஈழத்து வழக்கு வளவு என்னும் சொல்லுள் வீட்டையும் மரத்தையும் கிணற்றையும் வேலியையும் ஒருங்கே அடக்குகின்றது. இச்சொல்லின் அழகிற் பலர் ஈடுபட்டுள்ளனர். வளவு இல்லாதவனுக்குத் தோட்டம் என்ற கருத்தே மொழியில் இடம்பெறாமற் போவதும் இதே அழகின் மறுபக்கமாகும்.

சங்க நூல்களுள் இவ்விடயம் பற்றி மிக நுணுக்கமான சான்று தருவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை வழிப்படுத்திச் செல்லுகையில் இரு வேறு முற்றங்களைக் காட்டுகின்றார். தோப்புக்குடி உழவரின் வீட்டில், தென்னோலை வேய்ந்த மனையின் முன்னே மஞ்சள் வளர்கின்றது. சுற்றியுள்ள படப்பையில் பலாவும் வாழையும் தெங்கும் கிழங்கும் நிறைந்துள்ளன; வந்த விருந்தினர் வெறுத்துப்போகுமளவுக்கு உணவு கிடைக்கின்றது. அதற்குச் சற்று முன்னரே வலைஞர் குடியிருப்பு வருகின்றது. அங்கு முற்றத்திற் கிடப்பது மீன் பிடிக்கும் பறி. மணல் பரந்த அம்முற்றத்தில், புன்னைக் கொம்புகளை வெட்டி நாட்டிய பந்தரொன்றில் பசுங்காய்கள் தொங்குகின்றன. உரையாசிரியர்களும் பாடநூல்களும் முதலாவது முற்றத்தையே வளத்தின் சின்னமாகப் போற்றி வந்துள்ளனர். இரண்டாவது முற்றம் கடந்து செல்லும் வழியிற் பட்ட ஒரு காட்சியாக மட்டுமே எஞ்சிற்று. திருகோணமலையின் ஊரடங்குக் காலத்தை விளங்கிக்கொள்வதற்கு உதவுவதோ இந்த இரண்டாவது முற்றமே.

நகரின் இடப்பெயர்களே இதற்கு முதற் சாட்சி. உப்புவெளி, ஓர்ஸ் ஹில் என்றும் வழங்கும் உவர்மலை, மட்டிக்களி, திருக்கடலூர் ஆகியன உப்பையும் சேற்றையும் கடலையும் நினைவூட்டுவன. இவற்றினிடையே பள்ளத்தோட்டம், பாலையூற்று, மனையாவெளி என்னும் பெயர்களும் உள்ளன. தோட்டமும் ஊற்றும் மனையும் பெயரளவிலேனும் சில இடங்களுக்கே வாய்த்தன போலும். கரையை அண்டிய மணலில் மழைநீர் மெல்லிய நன்னீர்ப் படையாக உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கிணற்றை ஆழமாக்கினாலோ, இறைப்பு மிகுந்தாலோ உப்பு மேலேறிவிடும். மாவட்டத்துக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரையே மாரி. ஊரடங்கு வந்ததோ பங்குனியில். மாரி முடிந்து, கிணறு வற்றத் தொடங்கும் வேளையில், "விதையுங்கள்" என்னும் அழைப்பு வந்தது. ஈரவலயத்து வளவொன்றை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட திட்டமாகவே இக்கரையில் அது காணப்பட்டது.

அளவையும் சற்று நோக்குதல் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பமொன்று ஆண்டுக்கு உண்ணும் அரிசி நானூறு கிலோவுக்குக் குறையாது. அதனை விளைவிக்க, நல்ல நீர்ப்பாசனம் இருப்பினும், ஏறத்தாழ ஐம்பது பேர்ச் வயல் வேண்டும். நகர்ப்புறத்துப் பத்துப் பேர்ச் வளவில் வீடும் கிணறும் மலசலகூடமும் போக எஞ்சுவது சில பாத்திகள். திருக்கடலூர் போன்ற மீனவர் குடியிருப்புக்களில், வீட்டுக்கு வீடு சுவர் முட்டும் இடத்தில், அதுவும் இல்லை. அரிசி எப்போதும் கந்தளாயிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் மூதூர், கிண்ணியாப் பக்கத்து வயல்களிலிருந்தும் வந்தது. ஊரடங்கின்போதும் அங்கிருந்தே வரவேண்டியிருந்தது. தன்னிறைவு என்பது மருத நிலத்துக்கு உரிய கருத்து. வயலையும் குளத்தையும் பின்னணியாகக் கொண்டே அதற்குப் பொருள் உண்டு. நெய்தலின் வாழ்க்கை தொடக்கம் முதலே பண்டமாற்றில் நின்றது. உப்புக்கு நெல்லும் மீனுக்கு நெல்லும் கேட்டுத் தெருவில் விலை கூறும் நெய்தல் மகளிர் சங்கப் பாடல்களில் அடிக்கடி வருவது அழகுக்காக அன்று. அந்நிலத்தின் பொருளாதாரமே அதுவாதலால். அத்தகைய நகரொன்றைப் பூட்டிவைத்துத் "தன்னிறைவு பெறுக" என்பது, திணையறியாது கூறும் கூற்றாகும்.

பூட்டினால் நேர்வது என்ன என்பதைக் கடற்றொழிலாளர் நன்கு அறிந்தனர். கடலில் மீன் இருந்தது, கொள்வார் இல்லை. 2020 ஒக்ரோபரில் பேலியகொடை மத்திய மீன்சந்தையில் தொற்றுப் பரவி அது மூடப்பட்டபோது, மீன் உண்ணவே நாட்டு மக்கள் அஞ்சினர், விலை வீழ்ந்தது. கத்தரிக்காயைப் பறிக்காது இரண்டு நாள் செடியில் விடலாம். பிடித்த மீனை அவ்வாறு விடமுடியாது. வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் சிறுகதையை இப்பின்னணியில் மீள வாசித்தல் பயன் தரும். மூதூரைச் சேர்ந்த அவ்வெழுத்தாளர், சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் மீனவச் சிறுவனின் வாழ்வை அதிற் சித்திரித்தார். உற்பத்திச் சாதனம் தன் கையில் இல்லாதவனுக்கு மணவாழ்வும் கைநழுவிப் போகின்றது என்பதே அக்கதையின் உள்ளீடு. உழவர் பற்றிய கதையாயின் அங்கு நிலம் நின்றிருக்கும். கரையில் அதன் இடத்தைத் தோணி பெறுகின்றது. 2020இல் அக்கரையின் தோணிகள் மணலில் ஏற்றிக் கிடந்த நாட்களில், அவற்றின் சொந்தக்காரருக்கும் கூலிக்காரருக்கும் விதைப் பொட்டலம் ஒன்றே பதிலாகக் கிடைத்தது. இராசரத்தினத்தை மண்வாசனை எழுத்தாளர் என்று போற்றி அமைவோர், அவர் எழுதியது எந்த மண்ணை, அம்மண்ணில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பனவற்றை நோக்காது விடுவது பெருங்குறை.

இத்தனை தடைகளின் நடுவிலும் கரையோரத்துப் பெண்கள் பயிர் செய்தனர். அவர்கள் செய்தது மேற்குறித்த இரண்டாவது முற்றத்துத் தோட்டமே. பாகலும் புடோலும் சுரையும் பந்தலேறின. நிலம் இல்லாவிடத்து மேல்வெளி பயன்பட்டது. மீன் ஏற்றிய பழைய றெஜிபோம் பெட்டிகளிலும் உரப்பைகளிலும் மண் நிரப்பி மிளகாயும் தக்காளியும் நாட்டப்பட்டன. மீன் கழுவிய நீரும் செதிலும் குடலும் தென்னைக்கும் முருங்கைக்கும் உரமாயின. கதியாலுக்குக் கொம்பு கிடைக்காத இடங்களில் கிழிந்த வலை வேலியாயிற்று. அவ்வலைக்கு வேறொரு தேவையும் இருந்தது. திருகோணமலை நகரில் புள்ளிமான்கள் கோட்டைப் பகுதியிலும் கடற்கரையிலும் வீதியிலும் சுதந்திரமாகத் திரிவன. பகலிற் பயணிகள் கொடுப்பதையும் குப்பையிற் கிடப்பதையும் உண்டு பழகியவை அவை. தெருக்கள் வெறிச்சோடிய நாட்களில் இளங்கீரைப் பாத்தி அவற்றுக்கு எத்துணை உவப்பானது என்பதைக் கூறவேண்டியதில்லை. குறிஞ்சிப் புனத்தில் தலைவி கிளி ஓப்பினாள், முல்லையில் மான் துள்ளிற்று என்றெல்லாம் பாடங் கற்றோர், நெய்தற் கரையில் மீன்வலை கட்டி மானைத் தடுக்கும் காட்சிக்கு எந்தத் திணையில் இடமளிப்பரோ? திணைமயக்கம் என்னும் இலக்கணக் கருத்துக்கு இதனினும் உயிருள்ள எடுத்துக்காட்டு அரிது.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் 2020இல் இலங்கையில் மஞ்சளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் இரகசியமாகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை அடிக்கடி கைப்பற்றியது. தொற்றுக்கு அஞ்சி வாசலில் மஞ்சள்நீர் தெளித்த அதே மாதங்களில் மஞ்சள் கிடைக்காத பொருளாயிற்று. கறிக்கு வேண்டிய ஒரு துண்டுக்காக அதனைச் சாடியில் நட்டோர் பலர். பெரும்பாணாற்றுப்படையின் உழவர் முற்றம் இவ்வாறு மீனவர் சாடிக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் மஞ்சட் கிழங்கு முற்றுவதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் வேண்டும். ஊரடங்கின் பசி அவ்வளவு பொறுக்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயல்கள் தடுமாறின. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. மீன் கழிவில் வளர்ந்த முருங்கை அதனை அறியவில்லை என்று வேடிக்கையாகக் கூறலாம். ஆயினும் அரிசிச் சோறில்லாது முருங்கைக் கறியை மட்டும் எவரும் உண்பதில்லை.

தொற்றுக்காலத் தமிழ்க் கவிதைகளிற் பல இத்தோட்டங்களை வேறு விதமாகவே கண்டன. ஆரவாரம் அடங்கிய உலகில் பறவைகள் திரும்பின, மண்ணிடம் மனிதன் மீண்டான், ஒரு தளிர் நம்பிக்கை தந்தது என்னும் போக்கிலேயே அவை பெரும்பாலும் அமைந்தன. மாதச் சம்பளம் தவறாது வந்துகொண்டிருந்த வீட்டிற்கு இது பொய்யன்று. செடிக்கு நீர் வார்த்தல் அடைபட்ட மனத்துக்கு ஆறுதல் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் நாட்கூலி நின்றுபோன வீட்டில் அதே தளிர் எப்போது பறிக்கலாம் என்று எண்ணப்படும் பொருள். இவ்விரு நோக்குகளுக்கும் இடையே உள்ள வர்க்க இடைவெளியைக் காணாத கவிதை, சம்பந்தர் காலத்துப் பொழிலுக்கே திரும்பிச் செல்கின்றது. அவருக்கிருந்த தெய்வ நோக்கமும் அதற்கு இல்லை.

பசித்த வீட்டுக் கீரையைக் கண்ட புலவர்களும் தமிழில் உள்ளனர். புறநானூற்றின் 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தம் மனைவி குப்பைமேட்டுக் கீரையைப் பறிப்பதைக் குமணனிடம் கூறுகின்றார். முன்னொருநாள் கொய்த கணுவிலே மீளத் துளிர்த்த, இன்னும் முற்றாத தளிரை அவள் கொய்கின்றாள். உப்பில்லாது, மோரில்லாது, சோற்றை மறந்து உண்கின்றாள். கொய்த இடத்திலேயே மீண்டும் கொய்தல் என்னும் இந்நுட்பம், பலநாட் பசியை ஒரு செடியின் கணுவில் வைத்துக் காட்டுவது. கீரைப்பாத்தி வைத்திருந்து, வெட்டிய தண்டு துளிர்க்கும் நாளை எண்ணியவர் எவரும் இதனை உரையின்றி உணர்வர். சிறுபாணாற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. கிணைவனின் மனைவி குப்பையிற் படர்ந்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, புறங்கூறுவோர் காணாதவாறு கதவை அடைத்து, பெரிய சுற்றத்தோடு கூடியிருந்து உண்கின்றாள். 2020இல் கதவை அடைக்கச் சொன்னது சட்டம். அடைத்த கதவின் பின்னே நிகழ்ந்ததை நத்தத்தனார் முன்னரே எழுதியிருந்தார். வீட்டுத்தோட்டத்தைப் பற்றிய எத்தனையோ மேடைப் பேச்சுகளில் இக்கீரை நினைவுகூரப்படாமை வியப்புக்குரியதன்று. இவ்விரு பாட்டுகளிலும் தோட்டஞ் செய்பவள் பெண் என்பதும் அவ்வாறே மறக்கப்பட்டது. ஊரடங்கில் வீட்டிலிருந்த ஆடவர் மண்வெட்டி எடுத்தது செய்தியாயிற்று. அவர்கள் வேலைக்குத் திரும்பிய பின்னரும் நாள்தோறும் வாளியில் நீர் சுமந்தவளின் உழைப்பு கணக்கிற் சேரவில்லை.

துறைமுகத்தின் தென்கரையில் நிலைமை வேறு. சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்க்கப்பட்டு, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தங்கள் நிலத்துக்குத் திரும்பினர். ஊரடங்கு வந்தபோது அவர்கள் மீள நட்ட தென்னைகளில் முந்தியவை பாளை விடும் பருவத்தை அப்போதுதான் எட்டிக்கொண்டிருந்தன. பத்தாண்டு அகதிமுகாம்களில் அடைபட்டிருந்தோர்க்கு 2020இன் அடைப்பு புதியதன்று. இம்முறை அடைபட்டது தம் வளவுக்குள் என்பதே வேறுபாடு. வீட்டுத்தோட்டம் பற்றிய எழுத்து இவர்களிடமிருந்து இனித்தான் வரவேண்டியுள்ளது. வருமாயின் அது பூவைப் பற்றியதாகவோ விளைச்சலைப் பற்றியதாகவோ மட்டும் அமையாது. எல்லைக்கல்லைப் பற்றியதாகவும் இருக்கும். வடக்கே சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காடாய்க் கிடந்தது. 2022 சனவரியில் அத்தாங்கிகள் பற்றி இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டபோது, பேச்சு எண்ணெயைப் பற்றியதாக இருந்தது. அந்நிலத்தின் ஓர் ஓரத்தைப் பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்துத் திருக்கடலூர்க் குடும்பங்களுக்குப் பயிரிட வழங்கலாம் என்னும் எண்ணம் பொதுவாழ்வில் வலிமையாக ஒலிக்கவில்லை. தன்னிறைவு பற்றிப் பேசியோர் நிலம் பற்றிப் பேசத் தயங்கினர்.

ஊரடங்குத் தோட்டங்கள் உண்மையில் தந்தது என்ன என்பதை அவற்றின் விளைச்சலை நிறுத்து அறிய முடியாது. ஒரு முருங்கை காய்த்தால் ஒரு வீட்டுக்கு மிகுதி; ஒரு பாகற் பந்தல் காய்த்தால் அவ்வாறே. மிகுந்தது வேலிக்கு மேலாக மறுவீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து கறிவேப்பிலையோ, கருவாடோ, வெண்டி விதையோ திரும்பி வந்தது. சந்தை மூடியபோது நெய்தல் தன் பழைய பண்டமாற்றை வேலியோரத்திலே புதுப்பித்துக்கொண்டது. அரசு கோரியது தனித்தனி வீடுகளின் தன்னிறைவு; நிகழ்ந்தது அயலாரின் கொடுக்கல் வாங்கல். கீரைக்காகக் கலங்கிய அதே பெருஞ்சித்திரனார், குமணனின் பரிசில் கிடைத்ததும் தம் மனைவியிடம் கூறுவதைப் புறநானூற்றின் 163ஆம் பாட்டு கூறுகின்றது. உன்னை விரும்பியோர்க்கும், நீ விரும்பியோர்க்கும், சுற்றத்தார்க்கும், பசித்த நாளில் கடன் தந்தோர்க்கும், இன்னார் என்று எண்ணாது, என்னைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டாது கொடு என்கின்றார். நாளைக்கு எடுத்துவைப்போம் என்று எண்ணாமலும் கொடுக்கச் சொல்கின்றார். 159ஆம் பாட்டையும் 163ஆம் பாட்டையும் தனித்தனியே வறுமைப் பாட்டு, கொடைப் பாட்டு எனத் துறை வகுத்துப் படிப்பதே நமது வகுப்பறை வழக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, திருக்கடலூரின் வலைவேலியோரத்தில் நின்று படிக்கும்போது, அவை ஒரே வீட்டின் பாட்டுகளாகின்றன.